பேட்டரிக்குக் கண் திறந்த நாள்

கருத்தக்கண்ணன் வாங்கிய காரைப் பற்றி யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அவன் மனைவி செல்லக்கிளி கேட்டதில்லை. அந்த வண்டி முதலில் விளாங்குடியில் ஒரு பருத்தி வியாபாரியிடம் இருந்தது. அவர் ஒரு நாள் வெளியூர் கிளம்பிப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டிரைவர் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து ஏறுவதற்குள் அவருக்கு உயிர் போய்விட்டது. அப்புறம் அவருடைய தம்பி அதை வைத்திருந்தார். அவர் கண்மாய்க் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து செத்தார். இதில் வண்டி செய்த குற்றம் என்ன என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. ஆனாலும் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? காவு வாங்குகிற வண்டி என்று பேர் நிலைத்துவிட்டது.

கருத்தக்கண்ணனுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. அடுத்தவன் வண்டியை ஓட்டி ஓட்டிக் கை காய்த்துப்போனவன் அவன். சொந்த வண்டி என்று ஒன்று வாசலில் நிற்கிறது, இனி எவனுக்கும் சலாம் போட வேண்டியதில்லை என்கிற குஷியில் இருந்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று பெண்டாட்டியைக் கேலி செய்வான். செல்லக்கிளி அரண்டவள்தான், அவளே அதை மறுக்க மாட்டாள். ஆனால் அவள் தனக்காகப் பயப்படவில்லை. இரண்டு பேரை விழுங்கிய வண்டி மூன்றாவதாக யாரைப் பார்க்கும் என்பதுதான் அவளுடைய பயம். அதை ஓட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தாய்மாமன். தாய் தகப்பன் போன பிறகு அவளை வளர்த்ததும் அவன் வீடுதான், கட்டிக்கொண்டதும் அவன்தான். அவனை விட்டால் அவளுக்கு நாதி கிடையாது.

அவள் பயந்ததற்குத் தோதாக வண்டியும் ஒரு காரியம் செய்தது. ஐப்பசி பிறந்த புதிதில் இருவரும் ஒரு சாயங்காலம் விளாங்குடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். தத்தனேரிச் சுடுகாட்டுக்கு நேராக வரும்போது முன்விளக்கு மங்கிச் சிவந்தது. எஞ்சின் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. பக்கத்தில் பிணம் எரிகிற புகை ரோட்டை மறைத்துக்கொண்டிருந்தது. கருத்தக்கண்ணன் இறங்கிப் போய் முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றினான். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம்.

"பேட்டரி தீந்துருச்சு. போன வாரமும் இதே எடத்துலதான் மக்கர் பண்ணுச்சு" என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

போன வாரம் நடந்ததை அவன் அதுவரை அவளிடம் சொல்லியிருக்கவில்லை. அவள் கார் கதவைப் பிடித்துக்கொண்டு புகையைப் பார்க்காமல் நின்றாள். வழியில் போன இரண்டு பேரைத் தள்ளச் சொல்லி, ஒரு மாட்டு வண்டியில் கயிறு கட்டி, எப்படியோ வீடு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் வீடு பழங்காநத்தத்தில், ஒரு அரிசி மில்லுக்குப் பின்புறம். மில்லின் எண்ணெய் எஞ்சினைப் பார்த்துக்கொள்ள ஹாலாஸ்யம் என்கிற ஒரு அய்யர் இருந்தார். அவர் அந்த எஞ்சினிலிருந்து ஒரு பெல்ட்டை இழுத்துச் சின்ன டைனமோ ஒன்றை ஓட்டி, மில்லுக்கு விளக்குப் போட்டிருந்தார். அதே டைனமோவில் ஊரிலுள்ள கார்க்காரர்களுக்குப் பேட்டரியும் சார்ஜ் செய்து கொடுப்பார். நல்ல மனுஷர், ஆனால் படபடப்பு ஜாஸ்தி. ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்னால் ஒன்பது தடவை யோசிப்பார், செய்த பிறகு பத்தாவது தடவை கவலைப்படுவார். கருத்தக்கண்ணனுக்கு அவர்மேல் பக்தி என்றே சொல்லலாம்.

சீமையில் சண்டை தொடங்கியிருந்த வருஷம் அது. இனிமேல் கப்பலில் பேட்டரி வருமா வராதா என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, ஹாலாஸ்யம் மெட்ராஸில் தெரிந்தவரைப் பிடித்து ஒன்றை ரயிலில் வரவழைத்துவிட்டார். வைக்கோல் அடைத்த மரப்பெட்டியைப் பிரித்ததும் உள்ளே கறுப்பாக, கனமாக, ஒரு பெட்டி இருந்தது. அதன் தலையில் வரிசையாக மூன்று மூடிகள். ஹாலாஸ்யம் அதைத் தரையில் வைக்கவிடவில்லை. பலகைமேல் வைத்து, நாலு பக்கமும் விரலால் தட்டிக் கேட்டார். கீறல் இருக்கிறதா என்று மூலை மூலையாகத் தடவினார்.

"இதுல இப்போ ஒண்ணுமே இல்லைப்பா. வெறும் ஈயத் தகடு. திராவகத்தை விட்டு, ஊறப் போட்டு, அப்புறம் மெதுவாக் கரண்டைக் குடுக்கணும். முதல் சார்ஜ் ஒழுங்கா ஏறினாத்தான் அதுக்கு ஆயுசு. அவசரப்பட்டு வண்டியில மாட்டினே, ரெண்டே மாசத்துல குப்பையிலதான் போடணும்."

"ஐப்பசி முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வண்டி பேசியிருக்கேன் சாமி. அதுக்குள்ள ஆயிருமில்ல?"

"ஆயிடும். அது சொல்றபோதுதான் எடுக்கணும். நாம சொல்றபோது இல்லை."

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த செல்லக்கிளிக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. ஒன்றுமே இல்லாத பெட்டிக்குள் எதையோ ஊற்றி, எதையோ ஏற்றி, அது பேசும் வரை காத்திருப்பது என்றால் என்ன அர்த்தம்? ஹாலாஸ்யம் ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு திராவகத்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் கலந்தார். தண்ணீரைத் திராவகத்தில் விட்டால் சீறி முகத்தில் அடிக்கும் என்று கருத்தக்கண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தார். கலந்த ஜாடியைத் தொட்டுப் பார்த்தபோது அது அடுப்பில் வைத்ததுபோல் சுட்டது. அடுப்பும் இல்லாமல் தீயும் இல்லாமல் தண்ணீர் சுடுவதைச் செல்லக்கிளி அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாள்.

மில்லின் கோடியில், ஒரே ஒரு ஜன்னல் வைத்த சின்ன அறை இருந்தது. பேட்டரியை அங்கே வைத்து ஒயரை மாட்டினார்கள். மில் ஓடுகிற நேரமெல்லாம் கரண்ட் ஏறும். இடையிடையே கருத்தக்கண்ணன் போய் மூடியைக் கழற்றி, ரப்பர் குமிழ் வைத்த ஒரு கண்ணாடிக் குழாயால் திராவகத்தை உறிஞ்சிப் பார்ப்பான். குழாய்க்குள் ஒரு மிதவை இருக்கும். திராவகம் அடர்த்தியாக ஆக, மிதவை மேலே எழும். பெட்டிக்குள், மூடிக்கு ஒன்றாக இருக்கிற மூன்று அறைகளிலும் அது ஒரே உயரத்துக்கு எழுந்து, அதற்குமேல் எழாமல் நின்றால் பேட்டரி தயார். இதை அவன் பெண்டாட்டியிடம் பெருமையாகச் சொன்னான்.

"கண்ணைக் கிட்டத்துல வச்சுப் பாக்கணும். ஒரு நூல் தப்பினாலும் தப்புதான்" என்றான்.

செல்லக்கிளிக்குக் கண் என்ற அந்த வார்த்தைதான் தைத்தது. அவளுடைய பிறந்த ஊர் செக்கானூரணிக்கு அப்பால். அங்கே அய்யனாருக்கு மண்குதிரை எடுப்பார்கள். வேளார் குதிரையைச் செய்து முடித்தாலும் கண்ணை மட்டும் விட்டுவைப்பார். திருவிழா அன்றைக்குத்தான் கண் திறப்பு. கண் திறக்கிற நேரத்தில் குதிரைக்கு எதிரே மனுஷர் யாரும் நிற்கக் கூடாது. சேவலைக் காட்டுவார்கள், சூடத்தைக் காட்டுவார்கள். முதல் பார்வை அதன்மேல்தான் விழ வேண்டும். அவள் சிறுமியாக இருந்தபோது ஒரு ஆள், குடிபோதையில், தடுத்தவர்களைத் தள்ளிவிட்டுக் குதிரைக்கு எதிரே போய் நின்றான். அடுத்த வெள்ளிக்கு அவன் இல்லை. குடித்துக் குடித்து ஈரல் கெட்டுச் செத்தான் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஊர் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது அவளுடைய மாமன் தினமும் அந்தக் கறுப்புப் பெட்டிமேல் குனிந்து, கண்ணோடு கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அது கண் திறக்கும்போது முதலில் யாரைப் பார்க்கும்?

மில்லில் தவிடு புடைக்கிற ராமக்காள் இதற்கு எண்ணெய் வார்த்தாள். "வண்டி பழசு, பேட்டரி புதுசு. பழைய பசிக்குப் புது வாயி வச்ச கதைதான். ஒரு சூடமாச்சும் காட்டுனீகளா, இல்ல அப்படியே மாட்டப் போறீகளா?" என்று கேட்டாள்.

அன்று மத்தியானம் கருத்தக்கண்ணனுக்குச் சோறு போட்டுக்கொண்டே செல்லக்கிளி பேச்சை எடுத்தாள்.

"மாமா, அந்தப் பெட்டிக்கு ஒரு கட்டிச் சூடம் காட்டிருவோம்."

"காட்டுவோம். வண்டியில மாட்டி, ஸ்டார்ட் பண்ணி, எலுமிச்சம்பழம் வச்சு, அம்புட்டும் செஞ்சுருவோம்."

"மாட்டுனதுக்குப் பெறகு காட்டி என்ன செய்ய? அதுக்கு உசுரு வாரப்பவே காட்டணும் மாமா. இப்பவே."

"அந்த ரூமுக்குள்ள நெருப்பு ஆகாது செல்லக்கிளி. சாமி கண்டிப்பாச் சொல்லியிருக்காரு."

"ஏன் ஆகாது?"

கருத்தக்கண்ணன் ரசத்தை உறிஞ்சிவிட்டு வேறு பேச்சுக்குப் போனான். ஏன் ஆகாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். சார்ஜ் ஏறி முடிகிற சமயத்தில் திராவகத்திலிருந்து ஒரு வாயு கிளம்பும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்று ஹாலாஸ்யம் முதல் நாளே சொல்லியிருந்தார். அதைப் பெண்டாட்டியிடம் சொன்னால் என்ன ஆகும்? ஏற்கெனவே அரண்டு கிடக்கிறவள், வெடிக்கிற பண்டத்தின் பக்கத்தில் அவனை ஒரு நாழி நிற்க விடுவாளா? வண்டியே வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்துவிடுவாள். அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்றுதான் அவன் வாயை மூடிக்கொண்டான். ஆசையால் செய்ததுதான். ஆனால் இந்த மாதிரி ஆசையைவிட நாலு வார்த்தை அதட்டிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தேவலை. ஆம்பிளைகள் வீட்டில் வாயை மூடிக்கொள்கிற இடமும் திறக்கிற இடமும் எப்போதும் மாறியே இருக்கும்.

மறுநாள் வேறொன்று நடந்தது. மில்லுக்கு நெல் கொண்டுவந்த ஒருவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அந்த அறை வாசலில் ஒதுங்கினார். ஹாலாஸ்யம் எங்கிருந்தோ பாய்ந்து வந்து, பீடியைக் கையிலிருந்து தட்டிவிட்டு மிதித்து அணைத்தார். அவர் முகம் வெளிறிப்போய்விட்டது. தவிட்டுக் கூடையோடு அந்தப் பக்கம் போன செல்லக்கிளி அந்த முகத்தைப் பார்த்தாள்.

"என்ன சாமி, ஒரு பீடிதானே" என்றாள்.

"பீடியாவது, திரியாவது. நெருப்புன்னா அதுக்கு ஆகாதும்மா, அவ்வளவுதான். உனக்குச் சொன்னாப் புரியாது. நீ இந்தப் பக்கம் வராதே."

அவள் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தாள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. உலை கொதிக்கிற சத்தம், ஆனால் அடியில் அடுப்பு இல்லை. மூக்கைக் கரிக்கிற ஒரு காட்டம் காற்றில் இருந்தது.

நெருப்புக்கு ஆகாதது எது? செல்லக்கிளிக்கு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தர யாரும் வேண்டியதில்லை. பேய் பிடித்தவளுக்கு முன்னால் சூடத்தைக் கொளுத்தினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளா இல்லையா என்றுதானே முதலில் பார்ப்பார்கள். நல்லது எதுவும் சூடத்துக்குப் பயப்படாது. தெய்வம் பயப்படாது, மாடு கன்று பயப்படாது, உழுகிற கலப்பையும் கதிர் அரிவாளும் பயப்படாது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு இந்த மில் எஞ்சினுக்கே சூடம் காட்டுகிறார்கள். இந்தப் பெட்டி மட்டும் தீயைக் கண்டால் ஆகாது என்றால், உள்ளே உட்கார்ந்து கொதிப்பது என்ன? படித்த அய்யருக்கே முகம் வெளிறுகிறது. அவருக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது, சொல்லத்தான் மாட்டேன் என்கிறார். அவள் இப்படித்தான் யோசித்தாள். அவளுக்குக் கொடுக்கப்பட்டதை வைத்துக்கொண்டு யார் யோசித்திருந்தாலும் இங்கேதான் வந்து நின்றிருப்பார்கள்.

பேட்டரியும் அவளுக்குச் சாதகமாகவே நடந்தது. ஓரத்து அறைகள் இரண்டும் நினைத்தபடி ஏறிவிட்டன. நடு அறை மட்டும் அடம்பிடித்தது. மிதவை மற்ற இரண்டிலும் எழுகிற உயரத்துக்கு அதில் எழவில்லை. ஹாலாஸ்யம் கவலையோடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். இதை இப்படியே எடுத்துவிடலாமா என்று கருத்தக்கண்ணன் கேட்டதற்கு, கூடவே கூடாது, இன்னும் கொஞ்சம் கரண்ட் போகட்டும் என்றார்.

"நடு வீடுதான் பிடிவாதம் பண்ணுது" என்று அவன் வந்து செல்லக்கிளியிடம் சொன்னான். வண்டியை வைத்திருந்த அண்ணனும் போய்த் தம்பியும் போய், நடுவில் இவன் வந்து மாட்டியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. அன்று அவள் சாப்பிடவில்லை. ஊர்க் கருப்புக்கு வேண்டிக்கொண்டு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து வைத்தாள். எப்படியாவது ஒரு கட்டிச் சூடத்தைக் காட்டிவிட வேண்டும், என் மாமன்மேல் அதன் கண் விழுவதற்குமுன் தீயின்மேல் விழ வேண்டும். அவள் கேட்டது இவ்வளவுதான்.

அடுத்த நாள் விடிந்ததிலிருந்து மழை. சாரல் உள்ளே அடிக்கிறதென்று அறையின் ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். மில் கூரையில் மழைச் சத்தமும் எஞ்சின் சத்தமும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழவில்லை. மத்தியானத்துக்குமேல் நடு அறை வழிக்கு வந்தது. மூன்று அறைகளிலும் பால் பொங்குவதுபோல் குமிழ் பொங்கியது. ஹாலாஸ்யத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏறிடுத்துப்பா, ஏறிடுத்து. நான் போய் எஞ்சினை நிறுத்திட்டு வரேன். கரண்ட் நிக்கற வரைக்கும் ஒயர்ல கை வைக்காதே, பொறி பறக்கும். நீ அதுக்குள்ள நடு ரூமைக் கடைசியா ஒரு தடவை பார்த்து வை."

அவர் எஞ்சின் அறைக்குப் போனார். கருத்தக்கண்ணன் நடு மூடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தான்.

செல்லக்கிளி கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் தீப்பெட்டி, உள்ளங்கையில் வெற்றிலை, வெற்றிலைமேல் சூடம். அய்யர் போய்விட்டார். எஞ்சின் நின்றதும் அவர் வந்துவிடுவார், பெட்டியைத் தூக்கி வண்டிக்குள் வைத்துவிடுவார்கள், அப்புறம் அது அங்கே உட்கார்ந்துகொண்டு நாளும் அவனைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த நேரத்தை விட்டால் வேறு நேரம் இல்லை. ஈரக் காற்றில் முதல் குச்சி அணைந்தது. அடுத்தது பிடித்துக்கொண்டது. அவள் கருப்பா என்று மனசுக்குள் கூப்பிட்டபடி உள்ளே போனாள்.

அவன் பார்க்கவில்லை. ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு மறு கண்ணைக் கண்ணாடிக் குழாயோடு ஒட்டி வைத்திருந்தான். அவள் அவனுடைய தோளுக்குப் பக்கமாகக் கையை நீட்டி, பெட்டிக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றப் போனாள். சுற்றவில்லை. வெற்றிலையிலிருந்த தீ, யாரோ கூப்பிட்டதுபோல், பெட்டிக்குள் தாவியதை அவள் பார்த்தாள்.

எஞ்சின் அறையில் இருந்த ஹாலாஸ்யம் பெல்ட் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தார். அப்புறம்தான் அலறல் கேட்டது. அவர் ஓடி வந்து பார்த்தபோது பேட்டரியின் நடுப்பாகம் பிளந்து கிடந்தது. சுவரெல்லாம் திராவகம் வழிந்தது. கருத்தக்கண்ணன் முகத்தை இரு கையாலும் மூடிக்கொண்டு தரையில் புரண்டான். செல்லக்கிளி அவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, கையை விலக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முழங்கை வரை தோல் வெந்திருந்தது, அவளுக்கு அது தெரியவில்லை.

"தண்ணி, தண்ணி" என்று ஹாலாஸ்யம் கத்தினார். ராமக்காள் குடத்தோடு ஓடி வந்தாள். குடம் குடமாக ஊற்றினார்கள். ஊற்ற ஊற்ற அவன் மாமா மாமா என்று அவளையே கூப்பிட்டான். அவள் அவனைக் கூப்பிடுகிற பேரை அவன் ஏன் சொல்கிறான் என்று யாருக்கும் விளங்கவில்லை. வண்டி வாசலில்தான் நின்றது, ஆனால் அது நகராது. ஒரு குதிரை வண்டியைப் பிடித்து, மழையில் நனைய நனைய, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

உயிருக்கு மோசமில்லை என்று டாக்டர் சொன்னார். கண்ணைப் பற்றிக் கேட்டதற்கு, இரண்டு கருவிழியும் வெந்துபோய்விட்டன, இனிப் பார்வை வராது என்றார். அதை அவர் ஹாலாஸ்யத்திடம்தான் சொன்னார். ஹாலாஸ்யம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல் அழுதார்.

"எல்லாம் என்னாலதாம்மா. ஒயர்ல கை வைக்காதேன்னு சொன்னேன். ஆனா கிளிப்பை நான் இறுக்கமா மாட்டியிருக்கணும். அவன் குனியறச்சே கை பட்டு ஆடியிருக்கும், ஒரு பொறி பறந்திருக்கும். அந்த வாயுக்கு ஒரு பொறி போதும். ஜன்னலையும் நாந்தானே சாத்தச் சொன்னேன்."

"எந்த வாயு சாமி?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

அவர் சொன்னார். அன்றைக்குச் சொன்னால் புரியாது என்றவர், இன்றைக்கு விக்கி விக்கி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சார்ஜ் ஏறி முடியும்போது அது கிளம்பும் என்றார். கண்ணுக்குத் தெரியாது என்றார். தீயைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் பீடிக்காரனிடம் அப்படிப் பாய்ந்தேன் என்றார். அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. புரியாமல் போக அதில் எதுவுமே இல்லை. அவள் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடியே இருந்தாள்.

வெற்றிலையும் சூடமும் போன இடம் தெரியாது. அவள் அறைக்குள் எப்போது போனாள் என்று பார்த்தவர் யாருமில்லை. சத்தம் கேட்டதும் திராவகம் என்றும் பாராமல் உள்ளே பாய்ந்து புருஷனைத் தூக்கினாள் என்று மில்லில் பேச்சு. ராமக்காள் பழம் வாங்கிக்கொண்டு வந்தவள், அவளுடைய வெந்த கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ மட்டும் இல்லையின்னா அந்த வண்டி முழுக்காவு வாங்கியிருக்கும் தாயி" என்றாள். செல்லக்கிளி கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் வந்துபோன ஹாலாஸ்யம், டைனமோவைக் கழற்றிவிட்டதாகவும் இனி எவனுக்கும் பேட்டரி தொடப்போவதில்லை என்றும் ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது அவர் கட்டிலுக்கு எதிரே கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிட்டதைக் கருத்தக்கண்ணனால் பார்க்க முடியாது, அவள்தான் பார்த்தாள்.

அவர் போன பிறகு வார்டில் அரவம் அடங்கியது. மழை விட்டு வெயில் அடித்தது. கருத்தக்கண்ணன் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, கையை நீட்டித் துழாவினான். அவள் வெந்து போகாத கையைக் கொடுத்தாள்.

"பாவம், அய்யரு. நொந்துபோயிட்டாரு" என்றான். "அவரு மேல என்ன தப்பு இருக்கு? அவரு சொன்ன மாதிரித்தான் அம்புட்டும் செஞ்சேன். ஒயரத் தொடக்கூட இல்ல."

அவன் அவள் கையைத் தடவினான்.

"படுத்துக் கெடந்து யோசிச்சுப் பாத்தேன் செல்லக்கிளி. நீ சொன்னதுதான் சரி. எம்புட்டுக் கெஞ்சுன. ஒரு கட்டிச் சூடந்தானே. அதுக்கு உசுரு வாரப்பவே காட்டியிருந்தா எனக்கு இது வந்திருக்காது. நாந்தான் ஒன்னயக் காட்ட விடல. நான் பெரிய இவன் மாதிரி சிரிச்சேன்."

கட்டுத் துணிக்குக் கீழே அவன் உதடு கோணிச் சிரிக்கப் பார்த்தது. அவள் பேசாமல் இருந்துவிட்டிருக்கலாம். ஊரும் அய்யரும் அவனும் சேர்ந்து அவளுக்கு ஆளுக்கொரு கதவைத் திறந்து விட்டிருந்தார்கள், எதன் வழியாகவும் அவள் போயிருக்கலாம். ஆனால் அவன் அவளுடைய கையைத் தடவிக்கொண்டே தன்னைத் திட்டிக்கொண்டிருந்தான். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"காட்டுனேன் மாமா" என்றாள்.

"என்னத்த?"

"சூடம்."

"கருப்பு கோயில்லயா?"

"இல்ல. அந்தப் பெட்டிக்கு."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. வாயுவைப் பற்றி அவனுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவளிடம் சொல்லாமல் விட்டவனும் அவன்தான். பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள், யாரோ தண்ணீர் கேட்டார்கள். அவன் கட்டுப்போட்ட முகத்தை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினான்.

"எப்ப?" என்று கேட்டான்.

"நீங்க குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்கையில" என்றாள்.